பாரம் குறைந்த மட்டை

மகனுக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது, கூடப் படித்த பையன் ஒருவன் தன் பிறந்தநாளுக்கு வகுப்பிலிருந்த எல்லாரையும் பனித்தளத்துக்கு அழைத்திருந்தான். பெரிய தகரக் கொட்டகை ஒன்றுக்குள் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் சறுக்கி விளையாட விடுகிற இடம். பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பலாம் என்று போனவள், உள்ளே அடித்த குளிரைக் கண்டு, இவன் நடுங்கப் போகிறானே என்று அங்கேயே நின்றுவிட்டேன். அவன் நடுங்கவில்லை. முதல் அரைமணி நேரம் விழுந்துகொண்டே இருந்தான். அதன் பிறகு விழவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டான்: "அம்மா, அங்க ஐஸ் ஹொக்கி ரீம் ஒண்டு இருக்கு. சின்னாக்களுக்கும் இருக்காம். நான் சேரட்டே?"

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் இலங்கையிலிருந்து மெல்பேர்னுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. கொழும்பில் எஞ்சினியராக இருந்த என் கணவர், டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பகுதியில் வேலை செய்தார். சனிக்கிழமைகளிலும் எங்கள் பழைய காரை எடுத்துக்கொண்டு போவார். ஊரில் கணிதம் படிப்பித்த நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் தட்டச்சு செய்தேன். எங்கள் தெருவில் எங்களைப் போன்ற நிறத்தில் வேறு ஒரு குடும்பமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மகன் தனியாக இருந்துதான் சாப்பிடுகிறான் என்பது, அவன் சொல்லாமலே எனக்குத் தெரியும். அவனை ஒரு கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள யாராவது ஆயத்தம் என்றால், அது பனிக்கட்டிக்கு மேலேயா நெருப்புக்கு மேலேயா என்று நான் கேட்கப் போவதில்லை.

"கிரிக்கெட் விளையாடச் சொல்லுமன்," என்றார் கணவர். "இந்த நாட்டு ஆக்களுக்கே தெரியாத விளையாட்டு இவனுக்கு என்னத்துக்கு?"

"கிரிக்கெட்டுக்கு இவனைக் கூப்பிடேல்லையே. இதுக்குத்தான் கூப்பிட்டவை."

அடுத்த சனிக்கிழமையே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

சிறுவர் அணியைப் பழக்கியவர் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த மனிதர். ஐம்பது வயது இருக்கலாம். தளத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கடையும் வைத்திருந்தார். சறுக்குச் சப்பாத்துகளின் இரும்பைத் தீட்டிக் கொடுப்பார். கையுறை, முழங்கால் காப்பு, மட்டை எல்லாம் விற்பார். அவரும் நானும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். இரண்டு பேருக்கும் அது இரவல் மொழி என்பதால் மெதுவாகவும் தெளிவாகவும் பேசினோம். என்னை "மிஸிஸ்" என்றுதான் கூப்பிடுவார்; வீட்டில் எங்களுக்கு அவர் செக்காரர்.

முதல் சில வாரம் தளத்திலிருந்த பழைய மட்டைகளை மாறி மாறி எடுத்து விளையாடினான். பிறகு சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனோம். ஒரு பீப்பாய்க்குள் பத்துப் பதினைந்து மட்டைகள் குத்தி நிறுத்தப்பட்டிருந்தன. அந்தக் காலத்தில் எல்லாம் மரம். கனடாவிலிருந்தோ பின்லாந்திலிருந்தோ கப்பலில் வரவேண்டும். கப்பல் வந்தால் உண்டு, வராவிட்டால் இருப்பதில் ஒன்றை எடுக்க வேண்டியதுதான். பெரும்பாலும் பெரிய ஆட்களுக்கானவை. நிலத்தில் நிறுத்தினால் மகனின் தலைக்கு மேலே போயின.

"சப்பாத்து இல்லாமல் நிற்கும்போது மூக்குவரை வரவேண்டும். சப்பாத்துப் போட்டால் நாடிவரை," என்றார் அவர். "நீளத்தை வெட்டலாம். முதலில் இடதா வலதா என்று சொல்லுங்கள்."

மட்டையின் அடியிலுள்ள தட்டு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. இடப்பக்கமாக அடிப்பவனுக்கு ஒரு வளைவு, வலப்பக்கமாக அடிப்பவனுக்கு மறு வளைவு.

"வலது கையால்தான் எழுதுகிறான்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, மூலையில் கிடந்த தும்புத்தடியை எடுத்து மகனிடம் கொடுத்தார். "இந்த இடத்தைக் கூட்டு."

மகன் என்னைப் பார்த்தான். வீட்டில் அவன் ஒரு நாளும் கூட்டியதில்லை என்பது அவனுக்கும் எனக்கும் தெரியும். வெட்கப்பட்டுக்கொண்டு கூட்டத் தொடங்கினான். வலது கை மேலேயும் இடது கை கீழேயும் தானாகவே போயிற்று.

"இடது," என்றார் அவர்.

இடதுபக்க மட்டைகள் மூன்றே இருந்தன. ஒவ்வொன்றையும் நிலத்தில் ஊன்றி, நடுவில் கையை வைத்து அழுத்தி எவ்வளவு வளைகிறது என்று பார்த்தார். ஒன்றின் தண்டில் மரக்கண் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் முறியும் என்று அதை ஒதுக்கிவிட்டார். மற்ற இரண்டையும் மகன் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தான். கடைசியில் சிவப்புக் கோடு போட்டதை எடுத்தான். ஏன் அது என்று கேட்டேன். "சிவப்பு வடிவாயிருக்கு," என்றான். அழகாக இருக்கிறதாம் என்று நான் ஆங்கிலத்தில் சொல்ல, செக்காரர் அதைப் பெரிய தொழில்நுட்பக் காரணம்போலத் தலையாட்டி ஏற்றுக்கொண்டு, மேல் நுனியை மரம் அரியும் வாளால் அறுத்து, பிடி வழுக்காதபடி ரேப் நாடா சுற்றிக் கொடுத்தார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமை விடிந்தால் ரயிலில் போவோம். நான் இரண்டு கார்டிகனும் அதற்கு மேலே கோட்டும் போட்டு, போத்தலில் தேத்தண்ணியுடன் மரப்படிகளில் இருப்பேன். விளையாட்டு எனக்கு நெடுநாள் விளங்கவே இல்லை. கறுப்பு றப்பர் வட்டு ஒன்றின் பின்னால் எல்லாப் பிள்ளைகளும் ஓடினார்கள். மகன் சின்ன உருவம், ஆனால் வேகம். மற்றவர்கள் வட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது அது இவனிடம் இருக்கும். முதன்முதலாக ஒரு கோல் போட்ட நாளில் சந்தோஷத்தில் கால் இடறி, வயிற்றில் சறுக்கிக்கொண்டே வந்து, நான் இருந்த பக்கத்துப் பலகைச் சுவரில் மோதி நின்றான். எழும்பாமல் அப்படியே கிடந்து சிரித்தான். நான் எழுந்து நின்று, "கவனம் ராசா!" என்று தமிழில் கத்தினேன். பக்கத்திலிருந்த பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். அந்த ஊரில் எனக்கு முதல் சிநேகிதிகள் கிடைத்தது அன்றைக்குத்தான்.

பள்ளிக்கூடத்திலும் அவன் தனியாக இருந்து சாப்பிடுவது நின்றுபோயிற்று. எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல வருடம் அது.

அடுத்த குளிர்காலம் தொடங்கி இரண்டு மூன்று வாரத்திலேயே சொன்னான்: "ஸ்டிக் பாரமா இருக்கு அம்மா."

"போன வருசம் இருக்கேல்லையே?"

"இப்ப இருக்கு."

நான் கணவரிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார் என்றுதான் சொல்லவேண்டும். அதுவரை அந்த விளையாட்டில் அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. இப்போது அவருடைய கைக்கு ஏற்ற ஒரு வேலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை கராஜில் மட்டையை வேலைவாங்கின் இடுக்கியில் இறுக்கி, இழைப்புளியால் தண்டைச் சீவினார். சுருள் சுருளாக மரச்சீவல் விழுந்தது. மகன் பக்கத்தில் நின்று பார்த்தான். பிறகு உப்புத்தாள் போட்டு மினுக்கி, குசினித் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்து, அவனிடம் கொடுத்தார்.

"இப்ப பிடிச்சுப் பார்."

"ஓகே அப்பா."

"பாரம் குறைஞ்சிருக்கோ இல்லையோ?"

"குறைஞ்சிருக்கு."

சனிக்கிழமை அவன் தள்ளிய வட்டு முன்பு போன தூரத்துக்குப் போகவில்லை. தள்ளிவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீட்டுக்கு வந்ததும் தகப்பன் கேட்டார். அவன் கொஞ்சம் யோசித்து, "இன்னும் பாரம்தான்," என்றான்.

மறுபடியும் சீவினார். மேல் நுனியிலும் கொஞ்சம் அறுத்தார். அதைக் கண்ட செக்காரர், நீளம் இதற்கு மேல் குறைந்தால் குதிக்கால் தூக்கி நிற்கிறதுபோல மட்டையின் அடித்தட்டு பனியில் படியாது என்றார். தண்டு விறைப்பாக இருப்பதால்தான் கஷ்டப்படுகிறான், கொஞ்சம் இளகி வளைகிற மட்டை வேண்டும் என்றார். அப்படி ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார். அது முந்தியதைவிட மெல்லியது. மகன் இரண்டு கிழமை விளையாடிவிட்டு அதையும் பாரம் என்றான்.

சிட்னியில் லிட்கம் பக்கம் கணவரின் பழைய நண்பர் ஒருவர் இருந்தார். அங்கே ஒரு கடையில் சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்த மட்டைகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு அவரிடம் சொல்லிவைத்தோம். பள்ளி விடுமுறையில் காரில் வந்தபோது அவர் ஒன்று கொண்டுவந்தார். ஆறேழு வயதுப் பிள்ளைக்கானது. விளையாட்டுச் சாமான்போல இருந்தது. மகன் அதை வாங்கிப் பார்த்த முகத்தை நான் பார்த்தேன். பன்னிரண்டு வயதாகப் போகிறவன் அதை எடுத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் போகவேண்டும். போனான். யாரும் ஏதும் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. அவன் சொல்ல மாட்டான்.

அந்த மட்டையையும் அவனால் தூக்கி அடிக்க முடியவில்லை.

வேறு சிலவற்றையும் நான் கண்டிருந்தேன். சேர்ட் போடும்போது கையை உயர்த்தாமல் தலையைக் குனிந்து உள்ளே நுழைப்பான். தலை சீவும்போது ஒரு கையை மற்றக் கை தாங்கும். நிலத்தில் இருந்து எழும்பும்போது முழங்காலில் கையூன்றி, தன்னைத்தானே ஏறி எழும்புவதுபோல எழும்புவான். வளர்கிற பிள்ளை, விளையாட்டில் உடம்பு அலுத்துப்போகிறது என்று நினைத்தோம். முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தேன். உளுந்து எங்கே கிடைக்கும் என்று தேடி அலைந்து வாங்கிக் களி கிண்டிக் கொடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவான்.

ஒரு சனிக்கிழமை, பயிற்சி முடிந்து மகன் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது, செக்காரர் என்னைக் கடைக்குள் கூப்பிட்டார். புது மட்டை ஏதும் வந்திருக்கிறதாக்கும் என்று போனேன்.

"மிஸிஸ், இவனுக்குக் கொடுக்க என்னிடம் மட்டை இல்லை," என்றார்.

"அடுத்த கப்பல் எப்போது வரும்?"

"கப்பலில் வந்தாலும் இருக்காது." அவர் கையில் ஒரு துணி இருந்தது. அதைத் திரும்பத் திரும்ப மடித்தார். "போன வருடம் இவன் எப்படி விளையாடினான் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் பலக்க வேண்டும். இவன் மறுபக்கம் போகிறான். மட்டையில் பிழை இல்லை. டொக்டரிடம் காட்டுங்கள்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மட்டை விற்கிறவர் மட்டையைப் பற்றிப் பேசட்டும் என்று நினைத்தேன். மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ரயிலில் மகன் எதிரில் இருந்து சிப்ஸ் சாப்பிட்டான். வாய்வரை கையைக் கொண்டுபோவதற்குப் பதிலாக, அவன் வாயைக் கைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே வந்தேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை.

எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த டொக்டர், வளர்ச்சிதான், பயப்படாதீர்கள் என்று சொல்லத் தொடங்கியவர், மகனைக் கதிரையிலிருந்து எழும்பச் சொல்லிப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரத்தம் எடுத்தார்கள். ஊசிகளைத் தசையில் குத்தி மின்சாரம் பார்த்தார்கள். தொடையிலிருந்து ஒரு துண்டுச் சதையும் வெட்டி எடுத்தார்கள். மகன் எல்லாவற்றுக்கும் அமைதியாக இருந்தான். தாதி ஒருத்தியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான், தையல் வெட்டியதும் சறுக்கலாமா என்று.

முடிவு சொல்ல எங்கள் இருவரையும் மட்டும் கூப்பிட்டார்கள். வயதான டொக்டர், பொறுமையானவர். தசைகள் தேய்ந்துபோகிற ஒரு வருத்தம் என்றார். தோளிலும் இடுப்பிலும் தொடங்கியிருக்கிறது, நிற்காது என்றார். மருந்து இல்லை.

"எவ்வளவு காலத்தில் குணமாகும்?" என்று கேட்டார் என் கணவர். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும்.

டொக்டர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். எந்த வயதளவில் மாடிப்படி ஏற முடியாமல் போகும், எந்த வயதளவில் சக்கர நாற்காலி வேண்டிவரும், பிறகு நெஞ்சு எப்படி இருக்கும். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, விளங்கிற்றா என்று பார்த்தார். பிறகு கேட்டார்: "கல்யாணத்துக்கு முன்பே நீங்கள் இருவரும் உறவா?"

"ஆம்," என்றேன். "இவர் என் தகப்பனின் சகோதரியுடைய மகன்."

அவர் தலையாட்டினார். இது இருவர் இரத்தத்திலும் ஒளிந்திருந்து, இருவரும் கொடுத்தால் மட்டும் பிள்ளைக்கு வருவது என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. வேறு பிள்ளை பெற நினைத்தால் யோசித்துக்கொள்ளுங்கள், அதற்கும் வரலாம் என்றார்.

அந்த வருடம் நான் இன்னொரு பிள்ளை வேண்டும் என்று இருந்தேன். அந்த அறைக்குள்ளேயே அது முடிந்தது.

கார் நிறுத்திய இடத்துக்கு நடந்து வரும்போது, "மச்சான்," என்று கூப்பிட்டேன். பிறந்ததிலிருந்து அவரை நான் அப்படித்தான் கூப்பிட்டு வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் மாற்றவில்லை. அவர் நின்றார். திரும்பவில்லை.

"உந்தச் சொல்லை இனிச் சொல்லாதையும்," என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. "இஞ்சாருங்கோ" என்பதோடு சரி.

மகனிடம் தசையில் கொஞ்சம் பலவீனம் என்று மட்டும் சொன்னோம். விளையாடலாமா என்று டொக்டரிடம் கேட்டிருந்தேன். "முடியும்வரை விளையாடட்டும். அவனே நிறுத்துவான்," என்றிருந்தார். செக்காரரிடம் நான் உண்மையைச் சொன்னேன். அவர் கடையின் கதவைச் சாத்திவிட்டு வந்து, எனக்கு எதிரில் ஒரு பெட்டியில் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முயன்றிருந்தால் நான் எழும்பிப் போயிருப்பேன்.

மூன்றாவது குளிர்காலம் தொடங்க முன்னர் கப்பல் வந்தது. மகனுக்கு எப்படியோ அது தெரிந்துவிட்டது.

"அம்மா, புது ஸ்டிக் வந்திருக்காம். நிறைய வந்திருக்காம். போவமே?"

கணவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கூட்டிக்கொண்டு போம்," என்றார். தானும் வருகிறேன் என்று சொல்வார் என்று கொஞ்சம் காத்திருந்தேன். சொல்லவில்லை.

அந்த வருடம் போல மட்டைகள் அந்தக் கடையில் ஒரு நாளும் இருந்ததில்லை. பீப்பாய் நிறைந்து, சுவரிலும் சாத்தி வைத்திருந்தார்கள். இடது வளைவு, வலது வளைவு, சிறுவர் அளவு, இடைப்பட்ட அளவு, மெல்லியது, தடித்தது. மகன் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினான். ஒரு மட்டையை நிலத்தில் ஊன்றி மூக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். சாய்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பான். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தண்டு நேராக இருக்கிறதா என்று பார்ப்பான். பெரிய ஆட்கள் செய்வதைப் பார்த்துப் பழகியிருந்தான். உயர்த்தும்போது மட்டும் இடது முழங்கையை இடுப்பில் முட்டுக்கொடுத்து உயர்த்தினான்.

செக்காரர் அவசரப்படுத்தவில்லை. வேறு ஆட்கள் வந்தபோது கொஞ்சம் பொறுங்கள் என்றார். அவன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அணியின் பெரிய பையன்களுக்குச் சொல்வதுபோலவே பதில் சொன்னார்.

"இது நன்றாக வளையுமா?"

"அது வளையும். ஆனால் சீக்கிரம் களைத்துப்போகும். இதைப் பார், இதன் மரம் நெருக்கமானது."

கடைசியில் அவன் எடுத்தது இடைப்பட்ட அளவு. புருவத்துக்கும் மேலே வந்தது. அவன் தூக்கக்கூடிய மட்டை அல்ல.

"இது பெரிசு ராசா," என்றேன். "அந்தச் சின்னனை எடன். அளவா இருக்கு."

"இல்லை அம்மா. அது அடுத்த வருசம் கட்டையாப் போயிடும்." அவன் மிகவும் நியாயமாகப் பேசினான். "நீங்கள்தானே எல்லாம் பெரிசா வாங்குவியள். யூனிபோர்ம், சப்பாத்து எல்லாம். இதையும் பெரிசா எடுப்பம். நான் வளந்திடுவன்தானே."

அவனுக்கு நான் வாங்கிய எந்த உடுப்பும் வாங்கிய வருடத்தில் அளவாக இருந்ததில்லை. உண்மைதான். நான் செக்காரரைப் பார்த்தேன். நாங்கள் தமிழில் பேசியது அவருக்கு விளங்கியிருக்காது. ஆனால் அவர் என்னைப் பார்க்காமல் ரேப் சுருளில் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சரி," என்றேன். "எடு."

"வெட்ட வேண்டாம்," என்று மகன் அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னான். "நான் அதற்கு வளர்ந்துவிடுவேன்."

"வெட்டவில்லை," என்றார் அவர்.

ரயிலில் அதை இரண்டு முழங்காலுக்கும் இடையில் நிறுத்தி வைத்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் இருந்த ஒரு முதியவர், அது என்ன என்று கேட்டார். மகன் விளக்கினான். வட்டு எப்படிப் போகும், தட்டு ஏன் வளைந்திருக்கிறது, எந்த மரம். அவர் இறங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் ஒரு அந்நியரிடம் அவ்வளவு நேரம் பேசி நான் கண்டதில்லை. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த மட்டையோடு இரண்டு சனிக்கிழமை களத்தில் இறங்கினான். செக்காரர் அவனை வட்டுக்கு அருகில் விடாமல் ஓரத்தில் நிறுத்தினார். அங்கே நின்று மட்டையைப் பனியில் ஊன்றி, வருகிற வட்டை மறித்துவிடுவான். அதற்குப் பலம் வேண்டியதில்லை. மறித்தபோது மற்றப் பையன்கள் சத்தம் போட்டுப் பாராட்டினார்கள். அவர்கள் தேவைக்கு மேலே பாராட்டினார்கள் என்பது எனக்குப் படிகளிலிருந்தே தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும்.

மூன்றாவது சனிக்கிழமை யாரும் மோதாமலே விழுந்தான். எழும்பப் பார்த்தான். முழங்காலில் கை வைத்து ஏற, சப்பாத்தின் இரும்பு வழுக்க, மறுபடியும் இருந்துவிட்டான். விசில் ஊதி விளையாட்டை நிறுத்தினார்கள். இரண்டு பையன்கள் சறுக்கிக்கொண்டு வந்து கை நீட்டினார்கள்.

"நானே எழும்புவேன்," என்றான் ஆங்கிலத்தில். அந்தக் கொட்டகை முழுவதும் கேட்டது.

எல்லாரும் நின்றார்கள். அவன் முயன்றான். பக்கச் சுவருக்குத் தவழ்ந்துபோய் அதைப் பிடித்து எழும்பப் பார்த்தான். கை மேலே போகவில்லை. படிகளில் இருந்த தாய்மார் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்கு இறங்கி ஓட வேண்டும்போல இருந்தது. ஓடினால் அவன் என்னை மன்னிக்கமாட்டான் என்று அங்கேயே இருந்தேன். எவ்வளவு நேரம் போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் செக்காரர் பின்னால் வந்து, ஒன்றும் கேட்காமல், அவனுடைய இரண்டு கக்கத்துக்குள்ளும் கையைக் கொடுத்து நிறுத்தினார். மகன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாகச் சறுக்கி வாசலுக்கு வந்தான்.

உடுப்பு மாற்றும் அறையில் நான் முழந்தாளிட்டுச் சப்பாத்தின் கயிறுகளை அவிழ்த்தேன். அவன் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, வீட்ட போவம்."

"ஓம் ராசா, போவம்."

அடுத்த சனிக்கிழமை காலையில் அவன் கட்டிலை விட்டு எழும்பவில்லை. நான் எழுப்பவும் இல்லை. ஏன் போகவில்லை என்று தகப்பன் கேட்கவும் இல்லை. அவர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். நான் கோட்டை மடித்து அலுமாரியின் அடியில் வைத்தேன். தளத்துச் சிநேகிதிகளில் ஒருத்தி இரண்டு தடவை தொலைபேசி எடுத்தாள். கேக் ஒன்றும் கொண்டுவந்து தந்தாள். பிறகு எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை.

வேறு டொக்டர்களிடம் போனோம். சிட்னியில் ஒருவர் ஏதோ புதிதாகச் செய்கிறார் என்று கேள்விப்பட்டு, இரண்டு தடவை காரில் ஏற்றிக்கொண்டு போனோம். ஊரில் நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. யாரோ எண்ணெய் அனுப்பினார்கள், தேய்த்தோம். மகன் எதையும் மறுக்கவில்லை. எங்களுக்காகத்தான் எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிறான் என்று எனக்கு விளங்கியபோது, இனிப் போதும் என்று கணவரிடம் சொன்னேன். அவர் என்னோடு சண்டை பிடித்தார். நானும் பிடித்தேன். இருவரும் அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். யாருடைய பக்கத்து இரத்தத்தில் இது முதலில் வந்தது என்று நாங்கள் வாதாடினோம். எங்கள் இருவருக்கும் ஒரே பேரன், ஒரே பேத்தி; என் தகப்பனையும் அவருடைய தாயையும் பெற்றவர்கள்.

பள்ளிக்கூடத்தைச் சக்கர நாற்காலியில் இருந்தே முடித்தான். கெட்டிக்காரன். கணிதத்தில் நல்ல புள்ளி எடுத்தான். ஒரு அலுவலகத்தில் கொஞ்சக் காலம் வேலையும் செய்தான். நான்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவேன். ஒருமுறை, காரில் ஏற்றி இடுப்புப் பட்டியைப் போட்டுக்கொண்டிருந்தபோது, "நீங்கள் களைச்சுப் போனியள் அம்மா," என்றான். இல்லை என்றேன். அவன் ஆங்கிலத்தில், "பொய் சொல்லாதீர்கள்," என்றான். கோபமாக இல்லை.

இருபத்துமூன்று வயதில் ஒரு தடிமன் வந்தது. நெஞ்சுக்குள் இறங்கியது. சளியை இருமித் துப்பும் பலம் அவனுக்கு இருக்கவில்லை. நாலாம் நாள் விடிய, கணவரும் நானும் கட்டிலின் இரண்டு பக்கத்திலும் இருந்தபோது, மூச்சு நின்றது.

அந்த வயதான டொக்டர் எங்களுக்குச் சொன்ன எல்லாமே, அவர் சொன்ன வரிசையிலேயே நடந்தது. அதில் ஒன்றாவது பிழைத்து, பொய்யாகிப்போகும் என்று பத்து வருடத்துக்கு மேலே காத்திருந்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை.